பிழை அச்சு ரெவின்யூ ஸ்டாம்ப் சேகரிப்பு: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தபால்தலையும் நாணயமும் பார்க்க வரும் நம் மக்களிடம் ரெவின்யூ ஸ்டாம்ப் பக்கம் பேச்சு திரும்பினால், அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. நேரிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் 5, 6ஆம் கேள்விகளையாவது படித்துவிட்டுப் பழைய காகிதத்தில் கை வையுங்கள்.

1. ரெவின்யூ ஸ்டாம்புன்னா என்ன? பார்க்கத் தபால்தலை மாதிரிதானே இருக்கு?

தபால்தலை, கடிதத்தைக் கொண்டுசேர்ப்பதற்கான கட்டணம். ரெவின்யூ ஸ்டாம்ப், அரசுக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கான அடையாளம். கடன் சீட்டு, ரசீது, குத்தகைப் பத்திரம், பங்கு மாற்றம், நீதிமன்ற மனு ஆகியவற்றில் அதை ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டோ துளையிட்டோ மறுபடி பயன்படாதபடி செய்துவிடுவார்கள். வயதிலும் இதுதான் மூத்தது. இங்கிலாந்தில் முத்திரை வரி 1694இல் வந்தது. ஒட்டும் தபால்தலை 1840இல்தான் பிறந்தது. இரண்டு வேலைக்கும் ஒரே தலை பயன்பட்டதும் உண்டு. 1881இல் பிரிட்டன் வெளியிட்ட ஒரு பென்னி ஊதாத் தலையில் தபால், உள்நாட்டு வருவாய் இரண்டும் சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தலைகளும் அப்படிப் பத்திரங்களில் ஏறியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒட்டுவது நின்றுவிட்டது. வாடகை ஒப்பந்தமோ வீடு வாங்குவதோ எதுவானாலும், உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு இணையம் வழி முத்திரை வரி கட்டினால் ஒரு சான்றிதழ் வரும், அவ்வளவுதான். அதனால் உள்ளூர் ரெவின்யூ ஸ்டாம்பைத் தேட வேண்டிய இடம் பழைய காகிதக் கட்டுகள்.

2. சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு எந்த நாட்டு ஸ்டாம்பைத் தேடுறது?

நம் குடும்பங்கள் எங்கெல்லாம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தனவோ அங்கெல்லாம் தேடலாம். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் 1826இல் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் ஆயின. 1867 ஏப்ரல் 1 வரை கல்கத்தாவின் நிர்வாகத்தில் இருந்ததால் அதுவரை இந்தியத் தலைகளே இங்கு புழங்கின. தனித் தபால்தலை வந்தபோதும், முதலில் வந்தவை இந்தியத் தலைகளின்மேல் மகுடமும் காசு மதிப்பும் அச்சிட்டவைதான். பிறகு 1942 பிப்ரவரி முதல் ஜப்பானியர் காலம், 1945இல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம், அதற்குப் பின் சிங்கப்பூர் என்ற பெயரிலேயே தலைகள்.

நம்மவர்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்களில்) நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நடத்திய லேவாதேவியில் புழங்கிய புரோநோட்டுகளில் ஸ்ட்ரெய்ட்ஸ் தலையின் குறுக்கே தமிழ்க் கையெழுத்து ஓடும். அதே குடும்பங்களின் பெட்டிகளில் மலாய் மாநிலங்கள், பர்மா, இலங்கை, பிரிட்டிஷ் இந்தியா, புதுக்கோட்டை சமஸ்தானம் எனப் பல ஊர்த் தலைகள் கலந்து கிடக்கும். பர்மா 1937இல் இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தபோது இந்தியத் தலைகளின்மேல் பர்மா என்று மேலச்சு செய்தார்கள். மேலச்சு என்றாலே பிழைக்கு வாய்ப்பு அதிகம். காரணம் 4ஆம் கேள்வியில் இருக்கிறது. எல்லாவற்றையும் அள்ளாமல் ஓர் ஊரையும் ஒரு காலத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தையும் ஆவணத்தையும் வாசிக்கத் தெரிந்தவர் என்ற முறையில், தமிழ் எழுத்துள்ள ஆவணங்களோடு தொடங்குவதுதான் நமக்குப் பலம் என்பது என் எண்ணம்.

3. எதெல்லாம் பிழை? கொஞ்சம் கோணலா இருந்தாலே பிழைதானா?

மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது முழுப் பிழை: அச்சு வேலையில் ஒரு கட்டமே தவறியது. நடுப்படம் தலைகீழாக இருப்பது, ஒரு நிறம் அறவே இல்லாதது, வேறு நிறத்தில் அச்சானது, மேலச்சு இரண்டு முறை விழுந்தது, தலைகளைப் பிரிக்கும் ஓரத் துளை போடாமலே வெளிவந்தது எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது தகட்டுக் குறை: தகட்டில் ஓர் எழுத்து உடைந்தோ கீறல் விழுந்தோ இருந்தால், ஒவ்வொரு தாளிலும் அதே இடத்துத் தலை அதே குறையோடு வரும். மூன்றாவது ஒருமுறை விபத்து: தாள் மடிந்தது, மை சிந்தியது, துளை வரிசை நகர்ந்தது. கோணல் இந்த மூன்றாவதில்தான் சேரும்.

முழுப் பிழைக்குத் தபால்தலை உலகில் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டுகள் உண்டு. 1854இல் கல்கத்தாவில் அச்சான நான்கணாத் தலையில் விக்டோரியா அரசியின் தலை கவிழ்ந்தது. 1918இல் அமெரிக்காவின் 24 காசுத் தலையில் விமானம் கவிழ்ந்தது. 1855இல் ஸ்வீடனில் பச்சையாக வர வேண்டிய தலை மஞ்சளாக வந்தது. ரெவின்யூ ஸ்டாம்புக்கும் இதே இலக்கணம்தான்.

விலையில் முதல் வகை முந்தும். ஆனால் அதிகம் கற்றுத்தருவது இரண்டாம் வகை. ஒரே குறையுள்ள தலைகள் நான்கைந்து ஆவணங்களில் கிடைத்து, ஒன்றில் பக்கத்துத் தலையும் ஒட்டியபடி இருந்தால், அந்தக் குறை தாளில் எந்த இடத்தில் இருந்தது, எந்த ஆண்டில் தோன்றியது, எப்போது சரிசெய்யப்பட்டது என்றெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டே போகலாம். பெரிய செலவில்லாமல் உண்மையான ஆராய்ச்சி செய்ய இடமுள்ள பகுதி இது.

4. அரசாங்க அச்சகம்னா சரிபார்த்துத்தானே வெளியே விடுவாங்க? பிழை எப்படித் தப்பிச்சு வருது?

சரிபார்ப்பார்கள், ஆனாலும் தப்பும். காலனிகளுக்கான தலைகளில் பெரும்பகுதியை அச்சிட்டது லண்டனின் டி லா ரூ நிறுவனம். அரசரின் தலைக்கு ஒரு தகடு, நாட்டின் பெயருக்கும் மதிப்புக்கும் இன்னொரு தகடு என்பது அவர்கள் முறை. ஒரே தாள் இரண்டு முறை இயந்திரத்துக்குள் போகும். இரண்டாம் முறை தாள் சற்று நகர்ந்தால் மதிப்பு இடம் மாறி விழும். தலைமாற்றிக் கொடுத்தால் கவிழ்ந்து விழும். போகவே இல்லையென்றால் மதிப்பே இருக்காது. மேலச்சில் ஆபத்து இன்னும் கூடுதல். 1880களில் சிங்கப்பூர் அரசு அச்சகத்திலேயே எழுத்துகளைக் கையால் கோத்து மதிப்பை மாற்றி அச்சிட்டார்கள். ஒரே தாளிலேயே எண்ணின் வடிவம் மாறியிருப்பதை அந்தத் தலைகளில் காணலாம்.

தபால்தலைப் பிழையை அஞ்சலகச் சன்னலிலேயே யாராவது பிடித்துவிடுவார்கள், ஏனென்றால் வாங்குபவர்களில் சேகரிப்பாளர்களும் உண்டு. ரெவின்யூ ஸ்டாம்பை வாங்குபவர் குமாஸ்தா. ஒட்டி, கையெழுத்து வாங்கி, கட்டில் சொருகிவிடுவார். அதன் பிறகு கடன் அடையும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றும் புதிய பிழைகள் தென்படுவது இதனால்தான்.

5. தாத்தா பெட்டியில ஒரு கட்டு புரோநோட்டு இருக்கு. ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்துக்கலாமா?

வேண்டாம். இந்தத் தொகுப்பில் நான் வற்புறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். முழு ஆவணத்தில் இருக்கும்போது அந்தப் பிழைக்குச் சாட்சிகள் இருக்கின்றன. தேதி எழுதியிருக்கிறது, தொகை எழுதியிருக்கிறது, அந்தத் தொகைக்கு அன்றைய சட்டப்படி எவ்வளவு தலை ஒட்ட வேண்டுமோ அவ்வளவு ஒட்டியிருக்கிறது, கையெழுத்து காகிதத்தில் தொடங்கி, தலையைக் கடந்து, மறுபடி காகிதத்தில் முடிகிறது. அந்தத் தலை அன்றே அங்கே இருந்தது, அரசு விற்ற தலைதான், பின்னாளில் யாரும் செய்து ஒட்டியதல்ல என்று இவையெல்லாம் சேர்ந்து சொல்கின்றன. வெட்டி எடுத்த மறுநிமிடம் இந்தச் சாட்சிகள் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஒரு துண்டுக் காகிதமும் அதைப் பற்றிய உங்கள் வாய்வார்த்தையும்தான்.

தலையை விட்டுவிட்டாலும் ஆவணத்துக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் கடன் கொடுத்த விலாசம் (செட்டியார் நிறுவனத்தின் பெயர்) எது, வாங்கியவர் என்ன தொழில் செய்தார், வட்டி என்ன, சாட்சிக் கையெழுத்துப் போட்ட அடுத்தாள் (கிட்டங்கியின் உதவி ஊழியர்) யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இந்த அளவு நுணுக்கமான தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பிழைத் தலை வேண்டுமென்று அதன் நடுவில் கத்தரிக்கோல் வைக்க எனக்கு மனம் வராது; உங்களுக்கும் வரக்கூடாது என்று விரும்புகிறேன்.

ஏற்கெனவே வெட்டிய தலைகள் கையில் இருந்தால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். எந்தக் கட்டிலிருந்து, யாரிடமிருந்து வந்தவை என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்திருங்கள்.

6. தண்ணியில கொஞ்ச நேரம் போட்டா ஸ்டாம்ப் அழகா உரிஞ்சு வருமே? அதுல என்ன கெடுதல்?

தபால்தலைக்குப் பழகிய கை முதலில் செய்வது இதைத்தான். ரெவின்யூ ஸ்டாம்பைக் கெடுக்க இதைவிட விரைவான வழி இல்லை. பயன்படுத்திய தலையைக் கழுவி மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுக்கத்தான் டி லா ரூ கரையும் மையை உருவாக்கியது. அதில் பச்சையும் ஊதாவும் மிக மென்மையானவை. தண்ணீர் பட்டாலே கரையும். மை அழிக்கும் ரசாயனம் பட்டாலும் நிறம் மாறும். ஊதா நீலமாகும், பச்சை மஞ்சளாக வெளிறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சுண்ணப் பூச்சுக் காகிதத்தின் நோக்கமும் அதுதான்: கழுவினால் பூச்சோடு அச்சும் சேர்ந்து போகும்.

அதாவது, கழுவினால் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள் இது. நாம் நல்லெண்ணத்தோடு கழுவினாலும் அதற்குத் தெரியாது.

7. மேல கையெழுத்து, ஓட்டை எல்லாம் இருக்கே. மதிப்பு குறைஞ்சிடாதா?

குறையாது. தபால்தலையில் பேனாக் கிறுக்கல் குறை. ரெவின்யூ ஸ்டாம்பில் அது இருந்தால்தான் தலை தன் வேலையைச் செய்திருக்கிறது. நீதிமன்றக் கட்டணத் தலைகளில் குமாஸ்தா போட்ட வட்டத் துளையும் அப்படித்தான். துளை சரியாகப் பிழை விழுந்த இடத்திலேயே போயிருந்தால் மட்டும் வருத்தப்படலாம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. ஸ்ட்ரெய்ட்ஸ் தலைகளில் ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில் 500 வெள்ளி மதிப்பு வரை அச்சிட்டார்கள். அந்தத் தொகைக்கு யார் கடிதம் அனுப்புவார்? பெரும்பாலும் பத்திரங்களுக்கே போயின. ஆகவே அந்தத் தலைகளில் கையெழுத்தை ரசாயனத்தால் அழித்துவிட்டு, போலித் தபால் முத்திரை குத்தி, அல்லது பயன்படாத தலை என்று சொல்லி விற்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. புற ஊதா விளக்கின்கீழ் பிடித்தால் அழித்த கையெழுத்தின் தடம் பெரும்பாலும் தெரியும். உயர்மதிப்புத் தலை சுத்தமாக, வெளிறிய ஊதாவாக, மலிவாக வந்தால் வாங்காதீர்கள்.

8. ஆரம்பிக்க என்னென்ன சாமான் வாங்கணும்?

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், முனை தட்டையான இடுக்கி, இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று அளக்கும் துளைமானி, சிறிய புற ஊதா விளக்கு. இருபுறமும் அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்ய வசதியிருந்தால் நல்லது. ஒட்டாத தலை என்றால் நீர்க்குறியையும் (காகிதத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் வெளிர் அடையாளம்) பார்க்கலாம்: மகுடத்தோடு சிசி, பிறகு சிஏ, 1921 முதல் கையெழுத்துப் பாணியில் சிஏ. கறுப்புத் தட்டில் கவிழ்த்துப் போட்டாலே பல தெரிந்துவிடும். ஆவணத்தில் ஒட்டியிருப்பதில் நீர்க்குறி தெரியாது. அதற்காகப் பிரிக்க வேண்டாம். 5ஆம் பதிலைப் பாருங்கள்.

9. ஒரு நிறம் விட்டுப்போன ஸ்டாம்ப்னு கரூசெல்ல போட்டிருக்காங்க. நம்பி வாங்கலாமா?

நிறம் இல்லாத பிழை, செய்வதற்கு எளிய போலி. 6ஆம் பதிலில் சொன்ன மைகள் தண்ணீருக்கே கரையும் என்றால் வெயிலுக்கும் ப்ளீச்சுக்கும் எம்மாத்திரம்? சன்னலோரம் வைத்தே மஞ்சளை வெளுக்கச் செய்யலாம். உண்மையான பிழையில் அந்த நிறம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. மற்ற நிறங்கள் முழுத் தெளிவோடு நிற்கும். காகிதமும் இயல்பாக இருக்கும். வெளுக்கச் செய்ததில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எங்காவது ஓர் ஓரத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும், அல்லது காகிதம் புற ஊதா ஒளியில் திட்டுத்திட்டாக மின்னும்.

விற்பவரிடம் முன்பின் இருபுறப் படம் கேளுங்கள். கேட்டதற்குச் சலித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

10. சுத்தியும் துளையே இல்லாம ஒரு ஸ்டாம்ப் இருக்கு. இது இம்பர்ஃப் பிழைதானே?

தனித் தலையாக இருந்தால் நிரூபிக்க முடியாது. ஓரம் அகலமான தலையில் துளைகளைக் கத்தரித்துவிட்டாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். இரண்டு தலைகள் பிரியாமல் ஒட்டியிருந்து, நடுவில் துளை இல்லையென்றால்தான் பேச்சுக்கு வரலாம். ஆவணத்தில் இரண்டு மூன்று தலைகள் ஒரே பட்டையாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கடன் சீட்டுகளில் அப்படி ஒட்டுவது சாதாரணம்; நடுத்துளை இல்லாத இணை ஒளிந்திருக்க வாய்ப்புள்ள இடமும் அதுவே.

11. மேலச்சு தலைகீழா, இல்ல ரெண்டு தடவை விழுந்திருந்தா உடனே வாங்கிடலாமா?

மேலச்சுதான் போலி செய்பவருக்கு மிகப் பிடித்தது. மலிவான அசல் தலையும் ஒரு சிறு அச்சும் இருந்தால் போதும். ஆனால் பயன்படுத்திய ரெவின்யூ ஸ்டாம்ப் என்றால் நம் கையில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அசலில் மேலச்சு முதலில் விழுந்தது, கையெழுத்து பிறகு போடப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை லென்ஸில் பாருங்கள். மேலச்சு மை கையெழுத்தின்மேல் ஏறி நின்றால், அது கையெழுத்துக்குப் பின் வந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது. தேதியையும் ஒப்பிடுங்கள்: 1937இல் செய்த பர்மா மேலச்சில் அதற்கு முந்தைய தேதி இருக்க வழியில்லை.

ஜப்பானியர் காலத் தலைகளுக்குத் தனி எச்சரிக்கை. 1942இல் பழைய மலாயாத் தலைகளின்மேல் கைமுத்திரை குத்தினார்கள். பிறகு ஜப்பானிய ஆண்டுக் கணக்கான 2602 என்ற எண்ணோடு இயந்திர மேலச்சும் வந்தது. கையால் குத்தியதில் சாய்வும் கவிழ்ப்பும் இயல்பு. அதைப் பெரிய பிழை என்று விலை கூட்டக் கூடாது. அந்தக் கைமுத்திரைகளைப் பிற்காலத்தில் போலியாகச் செய்தவர்களும் உண்டு. நிபுணர் சான்று இல்லாமல் இந்தப் பகுதியில் பெரிய பணம் போடாதீர்கள்.

12. பயன்படுத்தாத, பசையோட இருக்கிற பிழைதான் உசத்தின்னு சொல்றாங்களே?

தபால்தலையில் அப்படிச் சொல்வார்கள். ரெவின்யூ ஸ்டாம்பில் நான் மறுக்கிறேன். அச்சகத்தில் இயந்திரத்தைச் சரிசெய்யும்போது ஓட்டிப் பார்க்கும் தாள்களில் எல்லா வகை விபரீதமும் இருக்கும்: மூன்று முறை அச்சு, பாதி அச்சு, இரண்டு வேறு தலைகள் ஒன்றின்மேல் ஒன்று. அழிக்கப்பட வேண்டிய அந்தக் கழிவு சில சமயம் வெளியே கசிந்து சந்தைக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கு அதிசயமாக இருக்கும், ஆனால் அரசு அதை விற்கவே இல்லை. எனவே அது பிழைத் தலை ஆகாது.

பயன்படுத்தாத தலையில் கழிவையும் பிழையையும் பிரித்தறிவது கடினம். ஆவணத்தில் ஒட்டிக் கையெழுத்தான தலையில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரே பிழை, ஒன்று பசையோடு தனியாக, மற்றொன்று புரோநோட்டில் என்று இரண்டு கிடைத்தால் நான் புரோநோட்டைத்தான் எடுப்பேன்.

13. தெல்கி வழக்குல பிடிச்ச போலி ஸ்டாம்பையும் பிழைன்னு சேகரிக்கலாமா?

கூடாது. அப்துல் கரீம் தெல்கி 2001இல் கைதான அந்த இந்திய வழக்கு, அரசை ஏமாற்றப் போலி முத்திரைத்தாளும் ஸ்டாம்பும் அச்சடித்து விற்றது பற்றியது. பிழை என்பது அரசு அச்சகத்தின் தவறு. போலி என்பது குற்றம். சிங்கப்பூரின் குற்றவியல் சட்டத்திலும் அரசு முத்திரையைப் போலியாகச் செய்வது, பயன்படுத்திய அடையாளத்தை அழிப்பது போன்றவை குற்றங்களே. நிறமும் துளையும் வேறுபடும் நவீன இந்திய ஸ்டாம்புகளைப் பிழை என்று யாராவது கட்டுக்கட்டாகக் காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். உண்மையான பிழை கட்டுக்கட்டாகக் கிடைக்காது.

14. காரைக்குடியில இருந்து பழைய பத்திரங்களைக் கையில கொண்டு வரலாமா? இங்க வரி கேட்பாங்களா?

முதலில் இந்தியப் பக்கம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த தொல்பொருள்களை மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படி, பதிவேடு, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். குடும்பச் சொத்து என்பது விலக்கு ஆகாது. ஐயம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே பெட்டியில் வையுங்கள். கிடைக்காவிட்டால் நல்ல ஸ்கேன் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே பத்திரப்படுத்துங்கள். பிழையை ஆராய அதுவே பெரும்பாலும் போதும்.

சிங்கப்பூர்ப் பக்கம், இணையத்தில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கணக்கில் சேருங்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இறக்குமதியின்போது வசூலிப்பார்கள். அதற்குக் கீழ் என்றாலும், 2023 முதல் இங்கே பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் விற்கும்போதே பிடித்துவிடுகின்றன.

15. நம்ம ஊர் ஈரக்காத்துல காகிதம் பாழாகாம எப்படி வைக்கிறது?

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அந்த ஈரத்தில் பசை இளகி ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் பழுப்புப் புள்ளி பூக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் அலமாரியில் 50 விழுக்காட்டை ஒட்டி வைத்தால் நன்றாக நிற்கும். அலமாரி வாங்க முடியாதவர்கள் இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது மாற்றுங்கள். ஆவணங்களை அமிலமற்ற காகித உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ மடிக்காமல் வையுங்கள். மலிவான பிவிசி உறை காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு மையை உரித்துவிடும்.

செலோடேப் கூடவே கூடாது. லேமினேட் செய்வது வெட்டுவதற்குச் சமம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டுப் புள்ளி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

16. விலை எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஸ்டாம்ப் கேட்லாக்ல தேடினேன், இல்லையே?

வழக்கமான தபால்தலைப் பட்டியல்களில் ரெவின்யூ ஸ்டாம்ப் பெரும்பாலும் இருக்காது. பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகளுக்கு சேகரிப்பாளர்கள் கையில் வைத்திருப்பது பேர்ஃபுட் பட்டியல். அடிப்படைத் தலைகளுக்கு அது உதவும். பிழைகளோ அதிலும் முழுமையாக இல்லை. பட்டியலில் இல்லாதது எல்லாம் அரியது என்று அர்த்தமல்ல. யாரும் இன்னும் எழுதவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். முடிந்த ஏலங்களின் விற்ற விலையைப் பாருங்கள், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். துளை நகர்ந்த சாதாரண இந்திய ஸ்டாம்புக்குச் சில வெள்ளிக்கு மேல் கொடுக்க நான் தயாரில்லை. அதே வேளையில் முழுப் பிழை முழு ஆவணத்தில் கிடைத்தால் தயங்குவதும் இல்லை.

பெரிய தொகை என்றால் நிபுணர் சான்று பெறுங்கள். 1869இல் தொடங்கிய லண்டன் ராயல் ஃபிலாட்டெலிக் சொசைட்டி பரிசோதித்துச் சான்று தருகிறது. ரெவின்யூ ஸ்டாம்புக்கென்றே இயங்கும் சங்கமும் பிரிட்டனில் 1990 முதல் இருக்கிறது. உலகக் கண்காட்சிகளிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

17. சிங்கப்பூர்ல இதையெல்லாம் நேர்ல பார்த்துக் கத்துக்க இடம் இருக்கா?

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. கோல்மன் ஸ்திரீட்டிலிருந்த தபால்தலை அருங்காட்சியகம் இப்போது சிறுவர் அருங்காட்சியகம். இரண்டுமே நமக்கு இழப்பு. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் பிரிவுக்குப் போங்கள். தமிழ் முரசு உட்படப் பழைய செய்தித்தாள்களை நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. முத்திரை வரி எப்போது மாறியது, புதுத் தலை எப்போது வந்தது என்ற செய்திகளைத் தேதி வாரியாகத் தேடலாம். உங்கள் ஆவணத்தின் தேதியோடு ஒப்பிட இதைவிட நல்ல வழி இல்லை.

18. அபூர்வமானது கிடைச்சா படம் எடுத்து ஃபேஸ்புக்ல போடலாமா?

தலையை மட்டும் பெரிதாக்கிப் போடுங்கள். புரோநோட்டு என்பது ஒருவர் கடன்பட்ட கதை. அவருடைய பேரப்பிள்ளைகள் இதே ஊரில் தோ பாயோவிலோ ஈசூனிலோ இருக்கலாம். பெயரும் தொகையும் கைநாட்டும் பொதுவெளிக்கு வர வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்காகக் கேட்பவருக்குத் தனியே காட்டலாம்.

19. ஊர்ல பழைய வீட்டை இடிக்கப் போறாங்க. மூட்டை மூட்டையாக் காகிதம் இருக்கு, ஒரு வாரந்தான் டைம். எதை எடுக்கிறது, எதை விடுறது?

ஒரு வாரம் போதும், பிரிக்க உட்காராவிட்டால். ஸ்டாம்பைத் தேடித் தாள் தாளாகப் புரட்டாதீர்கள். முதல் வேலை, கட்டுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் எண் போட்டுப் படம் எடுப்பது. எந்தப் பேரேட்டோடு எந்தச் சீட்டுக் கட்டு கிடந்தது என்பது பின்னால் தேதியையும் ஊரையும் கண்டுபிடிக்க உதவும். கட்டிய நூலை அவிழ்க்க வேண்டாம். நனைந்த கட்டு இருந்தால் வெயிலில் காயவைக்காமல் (9ஆம் பதிலில் சொன்னபடி நிறம் போய்விடும்) நிழலில் மின்விசிறிக் காற்றில் பரப்புங்கள்.

அடுத்து, ஸ்டாம்ப் ஒட்டிய சீட்டுகள், பேரேடுகள், கடிதங்கள் மூன்றையும் ஒரே குடும்பமாகக் கருதி ஒன்றாகப் பெட்டியில் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் அச்சிட்ட நோட்டீஸ், காலண்டர் போன்றவற்றை உள்ளூரில் நம்பிக்கையானவர் வீட்டில் வையுங்கள். பழைய பேப்பர்காரரைக் கடைசி நாள்வரை வீட்டுப் பக்கம் விடாதீர்கள். சிங்கப்பூர் பற்றிய ஆவணங்கள் என்று தெரிந்தால் இங்குள்ள தேசிய நூலக வாரியத்திடமும் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் எழுதிக் கேளுங்கள். ஆனால் கடல் தாண்டுவதற்கு முன் 14ஆம் பதிலில் உள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழைத் தலை தேடும் வேலையை வீடு இடித்து முடிந்து, காகிதம் பாதுகாப்பான இடம் சேர்ந்து, ஈரம் அடங்கிய பிறகு தொடங்கலாம். லென்ஸை அப்போது எடுங்கள்.